கிடாரிகள் பருவத்திற்கு வருதலும் சோதனைச்சாலைப் பிராணிகளால் விளங்கிய காரணமும்

பால்மாடு வளர்ப்போர் பலருக்கும் ஒரு சமயம் இல்லாவிடில் மற்றொரு சமயம் நேரிடக்கூடிய நஷ்டம் ஒன்றுண்டு. ஒரு கிடாரிக் கன்றை இரண்டு வருஷம், மூன்று வருஷம் வரையில் வளர்த்தும் அது காளையைத் தேடுவதில்லை. அண்டை வீட்டுக் கிடாரி அதே வயதில் சினையாய் நிற்க, இது மட்டும் வெறுமனே நிற்பதைக் கண்ட உடையவர், இது மலடு என்று தீர்மானித்து, கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகிறார். வாங்கினவரிடத்தில் ஆறு மாத காலம் நல்ல தீனி தின்றபின் அதே கிடாரி பருவத்திற்கு வந்து, சினைப்பட்டு, கன்று ஈன்று, பால் கறப்பதும் உண்டு. அப்போது விற்றவர் தம் விதியை நொந்துகொள்வதும், சில ஊர்களில் இதன் பொருட்டு வாய்ச்சண்டையும் மத்தியஸ்தமும் நேரிடுவதும் கிராம அதிகாரிகள் அறியாததன்று.

அந்தக் கிடாரி மலடாயிருந்ததா, அல்லது ஏதோ ஒன்றிற்காகக் காத்துக்கொண்டிருந்ததா என்பதே கேள்வி. இதற்கு விடை கண்டவர்கள் மாடு வளர்ப்போர் அல்லர். வெள்ளை எலிகளையும் ஆட்டுக்குட்டிகளையும் குரங்குகளையும் கொண்டு அந்நிய தேசத்துச் சோதனைச்சாலைகளில் வெகுகாலமாக ஆராய்ந்துவந்த சாஸ்திரிகளே இதன் காரணத்தைப் படிப்படியாய் விளக்கினர். அவ்வாராய்ச்சிகளின் சாரமும், அவை தொழுவத்தில் பயன்படும் விதமும் ஈண்டு எடுத்துரைக்கப்படுகின்றன.

காயடித்த சேவலுக்குக் கொண்டை சிறுக்கும், கூவுதல் நிற்கும், சண்டைக் குணம் அடங்கும் என்பது யாவரும் நெடுங்காலமாய் அறிந்த விஷயம். 1849-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தின் கெட்டிங்கன் நகரில் பேராசிரியராயிருந்த அர்னால்டு பெர்த்தோல்டு என்பவர் இதில் ஒரு படி மேலே சென்றார். இளஞ்சேவல்களின் விரைகளை அறுத்தெடுத்து, சிலவற்றிற்கு அவ்விரையையே வயிற்றின் உட்புறத்தில் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார். நரம்புத் தொடர்பு முற்றிலும் அறுந்துபோயிருந்தும் அச்சேவல்கள் கொண்டை வளர்ந்து, கூவி, பெட்டைகளை நாடின. விரையிலிருந்து ஏதோ ஒரு வஸ்து இரத்தத்தில் கலந்து சரீரம் முழுவதும் சென்று வேலை செய்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இத்தகைய வஸ்துக்களுக்கே பிற்காலத்தில் ஹார்மோன் என்று பெயர் வந்தது.

பருவமடைதலில் மூன்று உறுப்புக்கள் சம்பந்தப்படுகின்றன. முதலாவது, மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைபோதாலமஸ் என்னும் சிறு பகுதி. இரண்டாவது, அதன் கீழே ஒரு காம்பில் தொங்கும் பிட்யூட்டரி என்னும் கோளம். மாட்டில் இது ஒரு கொண்டைக்கடலையைக் காட்டிலும் பெரிதாயிருக்கும். மூன்றாவது, பெட்டையில் சூற்பை, ஆணில் விரை. மூளைப்பகுதி பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சூற்பையைத் தூண்டுகிறது. சூற்பை தன் ஹார்மோனைச் சுரக்கிறது. இவ்வளவும் பிறவியிலேயே அமைந்திருந்தும் கன்றுக்குட்டி ஏன் கன்றுக்குட்டியாகவே பல மாதம் இருக்கிறது? மூன்றில் எது முதிராமலிருக்கிறது?

சூற்பைதான் முதிரவில்லை என்று நினைப்பது இயல்பு. 1927-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிலிப் ஸ்மித், எர்ல் எங்கிள் என்னும் இருவர், பால்குடி மறந்து சில நாட்களே ஆன எலிக்குட்டிகளுக்கும் சுண்டெலிக்குட்டிகளுக்கும் வேறு எலியின் பிட்யூட்டரித் துண்டுகளைத் தினந்தோறும் தோலின் கீழ்ப் புதைத்துவந்தனர். சில நாட்களுக்குள் அக்குட்டிகளின் சூற்பைகள் பெருத்து, முட்டைகள் முதிர்ந்து, அவை காலத்திற்கு வெகு முன்பே பருவமடைந்தன. ஆகவே குட்டியின் சூற்பை வேலைக்கு ஆயத்தமாகவே இருந்தது. அதற்கு ஆணைதான் வரவில்லை.

அப்படியாயின் பிட்யூட்டரிக்குத் திறமை போதவில்லையோ எனின், அதுவுமன்று. 1952-ம் வருஷத்தில் ஆங்கில நாட்டு ஜெஃப்ரி ஹாரிஸ் என்பவரும் ஸ்வீடனைச் சேர்ந்த டோரா யாகப்சன் என்னும் அம்மையாரும், வளர்ந்த பெட்டை எலிகளின் பிட்யூட்டரியை நீக்கிவிட்டு, பிறந்த குட்டியின் பிட்யூட்டரியை எடுத்து மூளையின் அடியில் அதே ஸ்தானத்தில் பொருத்தினர். அக்குழந்தைப் பிட்யூட்டரியைக் கொண்டே அவ்வெலிகள் முறைப்படி பருவத்திற்கு வந்தன. சில சினையும் பட்டன. எனவே காத்திருப்பது மூளையே என்பது நிச்சயமாயிற்று. நான்கு வருஷம் கழித்து, 1956-ல், டோனோவன், வான்டெர் வெர்ஃப் டென் பாஷ் என்னும் இருவர் குட்டி எலிகளின் மூளையடியில் ஒரு சிறு பகுதியை மின்சாரத்தால் அழித்தபோது, அவ்வெலிகள் தாமதிப்பதற்கு மாறாக முந்திப் பருவமடைந்தன. மூளையில் இருப்பது தூண்டுகோல் மட்டுமன்று, ஒரு கடிவாளமும் உண்டு என்பது இதனால் ஏற்பட்டது.

இக்கடிவாளம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதே இவ்விஷயத்தின் உயிர்நாடி. 1930-ம் வருஷத்தை ஒட்டிச் சிகாகோ சர்வகலாசாலையில் கார்ல் மூர் என்பவரும் டாரதி பிரைஸ் என்னும் அம்மையாரும் ஆண் எலிகளுக்கு விரையின் ஹார்மோனை ஊசியால் ஏற்றிப் பார்த்தனர். விரை பெருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் அது சுருங்கிப்போயிற்று. பெட்டையின் ஹார்மோனை ஏற்றினாலும் அப்படியே சுருங்கிற்று. ஆனால் அதனுடன் பிட்யூட்டரிச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தால் சுருக்கம் ஏற்படவில்லை. இதனால் அவர்கள் கண்ட உண்மை யாதெனில், கீழேயுள்ள உறுப்பின் ஹார்மோன் இரத்தத்தில் மிகுந்தால் மேலேயுள்ள பிட்யூட்டரி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது; குறைந்தால் கூட்டிக்கொள்கிறது என்பதே. மேலிருந்து கீழே ஆணை செல்வதுபோல், கீழிருந்து மேலே கணக்கும் செல்கிறது.

ஏரிப் பாசனமுள்ள ஊரார்க்கு இஃது எளிதில் விளங்கும். வயலில் ஓர் அளவுக்கம்பு நட்டிருக்கிறது. நீர் அக்கம்பிலுள்ள குறியைத் தொட்டவுடன் நீர்ப்பாய்ச்சி மடையை அடைக்கிறான். குறிக்குக் கீழ் இறங்கினால் திறக்கிறான். வயலுக்கு நீர் மடையினால் வருகிறது. மடை அடைபடுவதோ வயலின் நீரைப் பார்த்து. இங்கே மூளைப்பகுதி நீர்ப்பாய்ச்சியையும், பிட்யூட்டரி மடையையும், சூற்பையின் ஹார்மோன் வயலின் நீரையும் ஒக்கும். இனி, ஒருவன் அக்குறியைத் தரையோடு தரையாய் வைத்துவிட்டான் எனக் கொள்வோம். வயலில் ஒரு கை அகலம் ஈரம் பரவியதும் மடை அடைபட்டுவிடும். மடையில் பழுதில்லை, ஏரியில் நீர்க்குறைவில்லை. ஆயினும் பயிர் நிமிராது. இளம் பிராணியின் நிலைமை இதுவே.

இது வெறும் உவமை மாத்திரமன்று. அளந்து கண்ட விஷயம். பெர்லின் நகரில் வால்டர் ஹோல்வெக் என்பவர் 1930-களின் தொடக்கத்தில் சூற்பை நீக்கிய எலிகளுக்குப் பெட்டை ஹார்மோனைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, பிட்யூட்டரி அடங்குவதற்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். குட்டி எலிக்கு மிகச் சொற்பமே போதுமாயிருந்தது. வளர்ந்த எலிக்கு அதைவிட அதிகம் வேண்டியிருந்தது. 1963-ல் ராமிரெஸ், மக்கான் என்னும் இருவர் இரத்தத்திலேயே பிட்யூட்டரி ஹார்மோனை அளந்து இதனை உறுதிப்படுத்தினர். குட்டிப் பருவத்தில் குறி தாழ்வாயிருக்கிறது. பருவமடையும் காலத்தில் அது உயர்த்தி வைக்கப்படுகிறது. அப்போது சூற்பையின் பழைய சொற்ப ஹார்மோன் பிட்யூட்டரியை அடக்கப் போதுவதில்லை. மடை திறந்தே நிற்கிறது; சூற்பை நாளுக்கு நாள் பெருக்கிறது.

எலியிற் கண்டது கால்நடைக்கும் பொருந்துமா என்று ஐயுறுவோர்க்கு ஆட்டுக்குட்டியின் பரீட்சை நல்ல சான்று. மிச்சிகன் சர்வகலாசாலையில் டக்ளஸ் ஃபாஸ்டர் என்பவர், காத்லீன் ரயன் என்னும் அம்மையாருடன் சேர்ந்து 1979-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெட்டை ஆட்டுக்குட்டிகளின் சூற்பைகளை நீக்கி, அவற்றிற்குப் பதிலாகச் சூற்பையின் ஹார்மோனைத் தினமும் ஒரே அளவாகக் கசியவிடும் சிறு குழாய்களைத் தோலின் கீழ் வைத்தார்கள். வயலின் நீர் என்றும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பல மாத காலம் பிட்யூட்டரி வாய்மூடி இருந்தது. பிறகு, மற்ற ஆட்டுக்குட்டிகள் பருவமடையும் வயதாகிய சுமார் 30 வாரத்தை ஒட்டி, நீர்மட்டம் சிறிதும் மாறாதிருக்கவே, மடை தானே திறந்துகொண்டது. குறி உயர்ந்தது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான பரீட்சை வேண்டுவதில்லை. குளிர்தேசத்து ஆடுகளுக்குப் பகற்பொழுது குறுகும் பருவமும் சேரவேண்டும் என்னும் ஒரு சிக்கல் இதில் உண்டு. வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவாயுள்ள நமது நாட்டு ஆடுகளுக்கு அச்சிக்கல் பெரிதன்று.

குரங்கின் விஷயத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் கூறவேண்டியது நேர்மை. ரீசஸ் குரங்குக்குட்டிக்குச் சூற்பையை நீக்கிவிட்டாலும் நடுக் குழந்தைப் பருவத்தில் பிட்யூட்டரி அடங்கியே இருக்கிறது. அங்கே நீர்மட்டத்தைப் பாராமலே நீர்ப்பாய்ச்சி தூங்கிவிடுகிறான் போலும். ஆயினும் அவனை எழுப்புவது எப்படி என்பதைப் பிட்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் கூட்டத்தார் 1980-ல் காட்டினர். மூளைப்பகுதி பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஹார்மோனை 1971-ம் வருஷத்திலேயே ஷாலி, கியமன் என்னும் இருவரின் சோதனைச்சாலைகள் தனித்தனியே பிரித்தறிந்திருந்தன. கண்ணுக்குப் புலனாகாத அச்சொற்பத்தைப் பெற இலட்சக்கணக்கான பன்றி, ஆடுகளின் மூளைத்துணுக்குகளை அரைத்தெடுக்க வேண்டியிருந்தது. 1977-ல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நோபிலின் கூட்டத்தார் அவ்வஸ்துவைக் குட்டிக் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு தடவை வீதம் சிறுகச் சிறுகச் செலுத்தினர். அவை பருவமடைந்து முறையான மாதவிடாய்ச் சுழற்சியைக் காட்டின. செலுத்துவதை நிறுத்தியவுடன் மறுபடியும் குட்டி நிலைமைக்கே திரும்பின.

இதில் குடியானவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. அதே வஸ்துவை இடைவிடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் பிட்யூட்டரி தூண்டப்படாமல் அடங்கிப்போகிறது என்று 1978-ல் அதே சோதனைச்சாலையிற் கண்டனர். மருந்து அதிகமானால் பலன் அதிகம் என்னும் எண்ணம் இங்கே முற்றும் தவறு. மூளை தட்டித் தட்டித்தான் பிட்யூட்டரியை எழுப்புகிறது. குட்டிப் பருவத்தில் அத்தட்டல் அரிதாய் விழுகிறது. பருவம் நெருங்க நெருங்க அடிக்கடி விழுகிறது. சூற்பையின் ஹார்மோன் கடிவாளமாய் நின்று குறைப்பதும் இத்தட்டலின் எண்ணிக்கையையே.

இனி, குறியை உயர்த்துபவர் யார், எப்போது உயர்த்துகிறார் என்பதைப் பார்ப்போம். வயது என்று சொல்லத் தோன்றும். 1963-ல் இங்கிலாந்தில் கென்னடி, மித்ரா என்னும் இருவர் வெள்ளை எலிகளைக் கொண்டு செய்த சோதனை அவ்வெண்ணத்தைத் திருத்திற்று. சில தாய் எலிகளிடம் சில குட்டிகளை மட்டும் விட்டனர். அவை வயிறாரப் பால் குடித்து விரைவில் வளர்ந்தன. வேறு தாய்களிடம் பல குட்டிகளைச் சேர்த்து விட்டனர். அவை பங்குபோட்டுக் குடித்து மெலிந்தன. நன்கு போஷிக்கப்படும் பெட்டை எலி சுமார் 35 முதல் 40 நாளில் பருவமடைவது வழக்கம். மெலிந்த குட்டிகள் அவ்வயது கடந்தும் பருவமடையவில்லை. தக்க எடையை நெருங்கிய பின்னரே அடைந்தன. மூளை கணக்கிடுவது பஞ்சாங்கத்தை அன்று, சரீரத்தின் வளர்ச்சியையே என்பது இதனால் புலப்பட்டது. மிச்சிகனில் ஃபாஸ்டரும் அவருடைய துணைவரும் 1985-ல் ஆட்டுக்குட்டிகளுக்குத் தீனியைக் குறைத்து அவற்றைச் சுமார் 20 கிலோ எடையிலேயே நிறுத்திவைத்தபோது, வயது எவ்வளவு சென்றும் பிட்யூட்டரியின் துடிப்பு எழவில்லை. வயிறாரத் தீனி கொடுத்த பிறகே எழுந்தது.

சரீரத்தில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளை எப்படி அறிகிறது? 1994-ல் நியூயார்க் நகரில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரின் சோதனைச்சாலையில் லெப்டின் என்னும் ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் தசையிலிருந்து இது சுரந்து, களஞ்சியத்தில் தானியம் உண்டா இல்லையா என்ற செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்கிறது. 1997-ல் சாதாரணச் சுண்டெலிகளுக்கு இதை ஊசியால் ஏற்றியபோது அவை சில நாட்கள் முந்திப் பருவமடைந்தன. ஆயினும் லெப்டின் மட்டுமே பருவத்தை உண்டாக்கிவிடும் என்று கொள்ளலாகாது. வாயிற்காப்போன் கதவைத் திறக்க அனுமதி தருவதுபோல் அது அனுமதி தருகிறது. நடந்து உள்ளே செல்வதற்கு வேறு காரணங்களும் கூடவேண்டும்.

அனுமதியை மூளையினுள் கொண்டு சேர்க்கும் மற்றொரு வஸ்துவின் வரலாறு வேடிக்கையானது. 1996-ல் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தார் அமெரிக்காவில் ஹெர்ஷி என்னும் ஊரில் ஒரு ஜீனைக் கண்டு, அவ்வூரிற் செய்யப்படும் 'கிஸ்' என்ற சாக்கலேட்டு மிட்டாயின் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். அதிலிருந்து உண்டாகும் வஸ்துவுக்குக் கிஸ்பெப்டின் என்று பெயர். பருவமடைதலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது எவரும் எண்ணவில்லை. 2003-ல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரண்டு கூட்டத்தார், வயதாகியும் பருவமடையாத சில குடும்பத்தினரை ஆராய்ந்து, அவ்வஸ்துவை ஏற்கும் உறுப்பு அவர்களிடத்தில் பழுதுபட்டிருப்பதைக் கண்டனர். அவ்வுறுப்பு இல்லாத சுண்டெலிகளும் அவ்வாறே பருவமடையாது நின்றன. சூற்பையின் ஹார்மோன் கடிவாளமாய்ப் பிடிப்பதும், பிற்பாடு சவுக்காய் ஓட்டுவதும் பெரும்பாலும் இக்கிஸ்பெப்டின் நரம்பணுக்களின் வாயிலாகவே என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

சவுக்கு என்றதைச் சற்று விளக்கவேண்டும். குட்டிப் பருவம் முழுவதும் அடக்குவதற்கே உதவிய அதே ஹார்மோன், சூற்பை முதிர்ந்து அதனை மிகுதியாய்ச் சுரக்கும்போது மூளையை எதிர்மாறாகத் தூண்டுகிறது. அப்போது பிட்யூட்டரி தன் ஹார்மோனை ஒரே வெள்ளமாய்க் கொட்டுகிறது. அவ்வெள்ளத்தினாலேயே முட்டை வெடித்து வெளியாகிறது. காளையைத் தேடும் குறிகளும் அந்த மிகுதியினாலேயே உண்டாகின்றன. வயலில் நீர் கரையைத் தொட்டதும் நீர்ப்பாய்ச்சி மடையை அடைப்பதற்குப் பதிலாக முழுவதும் திறந்துவிட்டான் என்றால் உவமை முறிந்துபோகிறது. சரீரத்தின் ஏற்பாடு எந்த உவமைக்கும் முற்றும் அடங்குவதில்லை.

மாட்டைப் பற்றிய நேரான சான்றும் உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் 1980-களில் மைக்கேல் டே, ஜேம்ஸ் கிண்டர் முதலானோர், ஃபாஸ்டர் ஆட்டுக்குட்டிகளிற் செய்த பரீட்சையைக் கிடாரிகளிற் செய்து அதே முடிவைக் கண்டனர். கிடாரி பருவமடையும் காலத்தில் சூற்பை ஹார்மோனின் கடிவாளம் தளர்கிறது. தீனியைக் குறைத்து வளர்த்த கிடாரிகளில் பிட்யூட்டரியின் துடிப்பு எழுவது தாமதப்படுகிறது. எலி, ஆடு, மாடு மூன்றிலும் காரியம் ஒன்றே.

ஆகவே பருவத்திற்கு வராத கிடாரியைக் கண்டவுடன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, இதன் வயது என்ன என்பதைக் காட்டிலும், இதன் எடை என்ன என்பதே. கறவை இனக் கிடாரிகள் அவ்வினத்துத் தாய்ப்பசுவின் எடையில் ஏறக்குறைய 100-க்கு 40 முதல் 50 பங்கு வந்தவுடன் பருவமடைகின்றன. தாய்ப்பசு 350 கிலோ என்றால் 140 முதல் 175 கிலோவுக்குள் முதற்பருவத்தை எதிர்பார்க்கலாம். திமிலுள்ள நாட்டினங்கள் சம தீனியிலும் ஐரோப்பிய இனங்களைவிடத் தாமதித்தே பருவமடையும். அது இனத்தின் இயல்பு. கலப்பினக் கிடாரி இரண்டிற்கும் இடையில் நிற்கும். முதற்பருவத்திலேயே சினைப்படுத்துதல் தகாது. தாயின் எடையில் 100-க்கு 55 முதல் 60 பங்கு, அதாவது மேற்படி கணக்கில் சுமார் 195 முதல் 210 கிலோ, வரும்வரையில் பொறுத்துச் சினைப்படுத்துவதே கன்று ஈனும்போது கஷ்டப்படாமலிருக்க வழி.

எடைமேடை இல்லாத ஊர்களில் தையற்காரரின் நாடா ஒன்றே போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனைவரை நீளத்தை அளக்கவேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை தெரியும். சுற்றளவு 54 அங்குலமும் நீளம் 46 அங்குலமும் உள்ள கிடாரி சுமார் 203 கிலோ இருக்கும். மாதம் ஒரு தடவை இவ்வாறு அளந்து, கன்று பிறந்த தேதியுடன் ஒரு நோட்டில் எழுதிவைப்பவர், கிடாரி வளர்கிறதா நின்றுவிட்டதா என்பதை ஓரிரு மாதத்திலேயே கண்டுகொள்வார். கண்ணால் பார்த்து மதிப்பிடுவோர் தினமும் பார்ப்பதனாலேயே ஏமாறுகின்றனர். விற்பனைத் தகராறு நேரிடும்போதும் இந்நோட்டு ஒன்றே வாய்ப்பேச்சைவிட மேலான சாட்சி.

பெரும்பாலான கிடாரிகள் பின்தங்குவது பால் மறந்தபின் முதல் ஒரு வருஷத்திலேயே. அவ்வயதில் அவை பால் கொடுப்பதில்லை, வேலை செய்வதில்லை. ஆதலின் தொழுவத்தில் எஞ்சிய வைக்கோலே அவற்றின் பங்காகிறது. வைக்கோல் வயிற்றை நிரப்பும். எலும்பையும் தசையையும் வளர்க்காது. பசுந்தீனி, பயறுவகைத் தழை, சிறிது பிண்ணாக்கு, தாதுஉப்புக் கலவை ஆகியவை இப்பருவத்தில் செலவிடப்படாவிட்டால், பின்னால் எவ்வளவு கொட்டினாலும் இழந்த மாதங்கள் திரும்புவதில்லை. குடற்புழுவை நீக்காமல் தீனி போடுவதும் வீண்.

இதற்கு மறுபுறமும் உண்டு. தீனியைக் கூட்டினால் பருவம் முந்தும் என்று கேட்ட சிலர், கிடாரியைக் கடாப்போல் கொழுக்க வைத்துவிடுகின்றனர். பருவமடைவதற்கு முன் மிதமிஞ்சி விரைவாக வளர்க்கப்பட்ட கிடாரிகளின் மடியில் பால் சுரக்கும் தசை குறைந்து போகிறது என்று 1982-ல் செய்ர்சென் என்பவரும் அவர் துணைவரும் காட்டியுள்ளனர். முந்திக் கன்று ஈன்று குறைவாகக் கறக்கும் பசுவால் இலாபமில்லை. நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையேற்றம் நடுத்தரக் கலப்பினத்திற்குப் போதுமானது.

எல்லாக் கிடாரியும் காத்திருப்பது மட்டுமே என்று கூறிவிட முடியாது; மெய்யாகவே மலடானவையும் உண்டு. அவற்றுள் முக்கியமானது காளைக்கன்றுடன் இரட்டையாய்ப் பிறந்த கிடாரி. கர்ப்பத்தில் இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்களும் ஒன்றாகிவிடுவதால், ஆண் கன்றின் ஹார்மோன்கள் பெட்டைக் கன்றின் இரத்தத்திற் பாய்ந்து அதன் சூற்பையையும் கருப்பையையும் வளரவொட்டாமல் செய்கின்றன. இதனைச் சிகாகோவில் ஃப்ராங்க் லில்லி என்பவர் 1916-ல் விளக்கினார். இத்தகைய கிடாரிகளில் 10-க்கு 9-க்கு மேல் மலடே. இவற்றிற்கு எத்தீனியும் எம்மருந்தும் பயன்படா. ஆகவே கிடாரி வாங்குவோர் அது ஒற்றையாய்ப் பிறந்ததா, இரட்டையாய்ப் பிறந்ததா, இரட்டையாயின் உடன்பிறந்தது காளையா என்று கேட்டறிதல் அவசியம். இரட்டையும் பெட்டையாயின் அச்சமில்லை.

எடை சரியாயிருந்தும், இரட்டைப் பிறவி அல்லாதிருந்தும், பருவத்திற்கு வராத கிடாரியைக் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். அவர் மலக்குடல் வழியாய்க் கைவிட்டுச் சூற்பையைத் தடவிப் பார்த்து, அது வேலை செய்கிறதா, வெறுமனே இருக்கிறதா, அமைப்பிலேயே குறையுண்டா என்று சொல்லக்கூடும். பருவத்தின் விளிம்பில் நிற்கும் கிடாரிக்குச் சூற்பையின் மற்றொரு ஹார்மோனாகிய புரொஜெஸ்டிரோனைச் சில நாள் கொடுத்து நிறுத்தினால் பருவம் சற்று முந்தும். எலும்பும் தோலுமாய் நிற்கும் கிடாரிக்கு அதே மருந்து பணச்செலவே. மூளையின் குறி உயராத இடத்தில் மடையை எத்தனை தடவை தட்டினாலும் நீர் நிலைப்பதில்லை. வைத்தியரின் உத்தரவின்றிக் கடையில் ஹார்மோன் ஊசி வாங்கிப் போடுவோர் மேலே சொன்ன குரங்குப் பரீட்சையை நினைவிற் கொள்ளவேண்டும்.

காளையின் அருகாமை உதவுமா என்று பலர் கேட்பதுண்டு. வளர்ந்த ஆணுடன் வைத்த பெட்டைச் சுண்டெலிகள் தனித்து வைத்தவற்றைவிட முந்திப் பருவமடைவதை 1967-ல் வாண்டன்பெர்க் என்பவர் கண்டார். ஆணின் மூத்திர வாசனையே அதற்குப் போதுமாயிருந்தது. பன்றியிலும் இது நன்றாய்ப் பலிக்கிறது. கிடாரிகளில் பலன் அவ்வளவு நிச்சயமில்லை. வளர்ச்சி குன்றியவற்றில் நம்பத்தக்கதன்று.

கடைசியாக ஒரு விஷயம். பருவத்திற்கு வந்தும் வரவில்லை என்று எண்ணப்படும் கிடாரிகளும் பல உண்டு. முதல் தடவை முட்டை வெளியாகும்போது வெளிக்குறிகள் தோன்றாமலே போவது சாதாரணம். எருமைக் கிடாரியோ, அதிலும் கோடைக் காலத்தில், குறிகளை வெளிக்காட்டாமலே பல பருவங்களைக் கடத்திவிடும். கண்ணாடிபோன்ற கோழை வடிதல், அடிக்கடி சிறுநீர் விடுதல், தீனியில் நாட்டமின்மை, மற்ற மாடுகள்மேல் ஏறுதல், மற்றவை தன்மேல் ஏறும்போது அசையாது நிற்றல் ஆகியவற்றை விடியற்காலத்திலும் இரவு படுக்குமுன்னும் கவனிக்கவேண்டும். ஒரு நாள் சந்தேகமாய்த் தோன்றினால் அத்தேதியைக் குறித்துவைத்து, அதிலிருந்து 18-வது நாள் முதல் 24-வது நாள் வரையில் மறுபடியும் கவனித்தால் உண்மை விளங்கிவிடும்.